ஒரு சோறு பதமா? நவம்பர் கூடைப்பந்தைப் படிக்கும் விதம்

2024 நவம்பர் 25. ஹவாயின் மாவி தீவில், லஹைனா ஊரின் உள்ளரங்கம். மொத்தமே 2,400 பேர்தான் உட்காரலாம். கூரை தாழ்வு, வெளியே கடல், உள்ளே புழுக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் தொடர்ந்து இரண்டு முறை பட்டம் வென்ற கனெக்டிகட் அணி மெம்பிஸ் அணியோடு ஆடுகிறது. கூடுதல் நேரத்தில் ஆட்டம் 92-92 எனச் சமநிலையில் நிற்கிறது. இன்னும் நாற்பது நொடிகள். கூடையில் பட்டுத் திரும்பிய பந்துக்காக கனெக்டிகட்டின் முதலாண்டு மாணவர் லியாம் மெக்நீலி எதிராளியின் முதுகுக்குப் பின்னாலிருந்து எம்பினார். ஃபவுல், அதாவது விதிமீறல் என்று நடுவர் விசிலை ஊதினார். பக்கவாட்டில் நின்ற கனெக்டிகட் பயிற்சியாளர் டான் ஹர்லி, நம்ப முடியாதவராய், அப்படியே மல்லாந்து தரையில் விழுந்தார். அந்த நாடகத்துக்காக அவருக்கு ஒரு டெக்னிக்கல் ஃபவுல், அதாவது நடத்தைக்கான தண்டனை. இரண்டு ஃபவுலுக்குமாகக் கிடைத்த, யாரும் மறிக்காமல் எறியும் நான்கு ஃப்ரீ த்ரோக்களையும் மெம்பிஸின் பி.ஜே. கார்ட்டர் கூடைக்குள் போட்டார். முடிவு 99-97.

மறுநாள் கொலராடோவிடம் 73-72 என ஒரு புள்ளியில் தோல்வி. அதற்கும் மறுநாள் டேட்டனிடம் 85-67. தேசியத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தபடி தீவில் இறங்கிய அணி, அடுத்த பட்டியலில் இருபத்தைந்தாம் இடத்துக்குச் சரிந்தது. மூன்றாம் தோல்விக்கு அடுத்த நாள் அமெரிக்காவில் நன்றி நவிலல் திருநாள். குடும்பம் முழுக்க ஒரே மேசையில் அமரும் நாள். வான்கோழிக் கறியோடு கனெக்டிகட் மாநிலமும் அன்று எதைப் பேசித் தீர்த்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். அந்த மாநிலத்தில் ஆண்களுக்கான பெரிய தொழில்முறை அணி எதுவும் இல்லை. ஹார்ட்ஃபோர்டில் இருந்த பனி ஹாக்கி அணியும் 1997-இல் இடம் பெயர்ந்துவிட்டது. அதனால் 'யூகான்' என்று செல்லமாக அழைக்கப்படும் இந்தப் பல்கலைக்கழக அணிதான், ஆண்கள் பெண்கள் இரண்டு பிரிவிலும், மாநிலத்தின் சொந்த அணி.

இப்படிப்பட்ட ரசிகர்கள், பருவம் தொடங்கும் நவம்பரில், எப்போதும் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஒன்று 'முதல் கோணல் முற்றும் கோணல்' கட்சி. இன்னொன்று 'பட்டத்தைத் தீர்மானிக்கும் மார்ச் போட்டிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறதே, பொறுங்கள்' கட்சி. எந்தக் கட்சி சரி என்பதைவிட, ஏழெட்டு ஆட்டங்களை வைத்துக்கொண்டு ஓர் அணியைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதுதான் எனக்குச் சுவையாகத் தெரிகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நல்ல புள்ளியியல்தான். ஆனால் பானை முழுக்க ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ என்றால்தான் அது செல்லும். நவம்பர் கூடைப்பந்தில் ஒவ்வொரு பருக்கையும் வேறு பானையிலிருந்து வருகிறது.

மாவிக்குப் போகும் முன் யூகான் ஆடிய நான்கு ஆட்டங்களைப் பாருங்கள். சேக்ரட் ஹார்ட், நியூ ஹாம்ப்ஷயர், லெ மோய்ன், ஈஸ்ட் டெக்சஸ் ஏ அண்ட் எம். நான்கிலும் முப்பத்தைந்து புள்ளிக்குக் குறையாத வித்தியாசத்தில் வெற்றி. இந்த ஆட்டங்களுக்குப் பின்னால் ஒரு வணிகம் இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகம் சிறிய கல்லூரிக்குப் பணம் கொடுத்துத் தன் அரங்குக்கு வரவழைக்கும். வருபவர்கள் தோற்றுவிட்டுக் காசோலையோடு ஊர் திரும்புவார்கள். அதில்தான் அவர்களுடைய விளையாட்டுத் துறையின் ஆண்டுச் செலவில் ஒரு பகுதி ஓடும். பெரிய அணிக்கு வெற்றிக் கணக்கு, ரசிகர்களுக்கு ஒரு மாலைப் பொழுது. அணியின் பலவீனத்தைக் காட்டுவதற்கென்று இந்த ஆட்டங்கள் ஏற்பாடு செய்யப்படுவதில்லை. அதனால் அவை காட்டுவதும் இல்லை. உயரமும் வேகமும் குறைந்த எதிரியை மறிக்கும்போது மோசமான தடுப்புகூட நல்ல தடுப்பாகத் தெரியும். ஓரடி தாமதமாகப் போனாலும் பந்தை எட்டிவிடலாம். மெம்பிஸ் வீரனிடம் அதே ஓரடி தாமதம் என்றால், கையில் எட்டுவது பந்தல்ல, அவன் முழங்கை. விசில்.

காசு கொடுத்துத் தோல்வியை வாங்கிய கதைகளும் உண்டு. 2019 நவம்பர் 12 அன்று, அப்போது தேசத்தின் முதலிடத்தில் இருந்த கென்டக்கி தன் சொந்த ரப் அரங்கில் இவான்ஸ்வில் கல்லூரியிடம் 67-64 எனத் தோற்றது. வந்து ஆடுவதற்கு இவான்ஸ்வில்லுக்குக் கொடுத்த தொகை 90,000 டாலர். இவான்ஸ்வில்லின் பயிற்சியாளர் வால்ட்டர் மெக்கார்ட்டி, 1996-இல் கென்டக்கி பட்டம் வென்றபோது அந்த அணியில் ஆடியவர். அன்றிரவு கென்டக்கி ரசிகர்கள் பருவமே முடிந்ததுபோல் புலம்பினார்கள். நடந்தது என்ன? கென்டக்கி தன் லீக்கில், அதாவது ஆண்டுதோறும் தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழுவில், முதலிடம் பிடித்தது. முதலிட அணியைச் சாய்த்த இவான்ஸ்வில், தன் லீக்கில் ஆடிய 18 ஆட்டங்களில் ஒன்றில்கூட வெல்லவில்லை. பதினெட்டுக்குப் பூஜ்யம்! ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்து இரண்டு பானைகளையும் தவறாகக் கணித்த நாள் அது.

சரி, மதிப்பெண் பலகை ஏமாற்றும் என்றால் எதைத்தான் பார்ப்பது? இந்த விளையாட்டை எண்களால் பிரித்துப் பார்த்தவர்களில் டீன் ஆலிவர் முக்கியமானவர். எறிதல் திறன், பந்தைப் பறிகொடுக்காமல் இருப்பது, தவறிய பந்தைத் திரும்பக் கைப்பற்றுவது, ஃப்ரீ த்ரோ வாய்ப்புகளைப் பெறுவது என நான்கு காரணிகளாக அவர் வெற்றியை உடைத்துக் காட்டினார். தோராயமாக 40, 25, 20, 15 என்று அவற்றுக்கு எடையும் கொடுத்தார். அதிக எடை எறிதலுக்குத்தான். வேடிக்கை என்னவென்றால், பருவத் தொடக்கத்தில் மிக அதிகமாகப் பொய் சொல்வதும் அதுதான், குறிப்பாக மூன்று புள்ளி எறிதல்.

மெம்பிஸ் அன்று தொலைவிலிருந்து 22 முறை எறிந்து 12 முறை கூடையில் போட்டது. கல்லூரி அணி ஒன்று சராசரியாக நூற்றுக்கு முப்பத்தைந்துக்குச் சற்று முன்பின் போடும். அந்தக் கணக்கில் 22-க்கு எட்டு விழுந்திருக்க வேண்டும். கூடுதலாக விழுந்த நான்கும் சேர்ந்து பன்னிரண்டு புள்ளிகள். தோல்வி வித்தியாசமோ இரண்டு. அப்படியானால் யூகானின் தடுப்பு மோசமா? எதிரணி எத்தனை முறை மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிகிறது என்பதைத் தடுப்பணியால் பெருமளவு கட்டுப்படுத்த முடியும். நெருங்கி நின்றால் எறியவே விடாமல் செய்யலாம். ஆனால் எறிந்த பந்து உள்ளே விழுமா விழாதா என்பதில் அவர்களுக்கு இருக்கும் பிடி மிகக் குறைவு. கல்லூரிக் கூடைப்பந்தின் எண்களைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து வரும் கென் பொமராய் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார். முப்பத்தைந்து விழுக்காட்டு அணி ஒன்று 22 எறிதல்களில் பன்னிரண்டோ அதற்கு மேலோ போடுவது ஏறத்தாழ இருபது ஆட்டங்களில் ஒரு முறை நடக்கும். கல்லூரிக் கூடைப்பந்தின் உயர்மட்டமான முதல் பிரிவில் முந்நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன. ஆகவே எந்த இரவிலும் எங்கோ ஓர் அணிக்கு அது நடந்துகொண்டேதான் இருக்கும். அன்று மாவியில் நடந்தது. 'மூன்று புள்ளியைத் தடுக்கத் தெரியாத அணி' என்று அன்று எழுதியவர்கள் காற்றைக் குற்றம் சாட்டியவர்கள்.

ஃபவுல் அப்படியல்ல. அது எதிராளியின் கை ராசியைப் பொறுத்ததல்ல. நம் கால்கள் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. கால் பிந்தினால் கை நீளும், கை நீண்டால் விசில் வரும். ஓர் ஆட்டத்தில் நடுவர் கறாராக இருக்கலாம். மூன்று நாட்கள், மூன்று எதிரிகள், மூன்று நடுவர் குழுக்கள் என்று ஆன பிறகும் அதே குறை தெரிந்தால், அது நடுவர் குறையல்ல. மாவியில் ரசிகர்களில் பாதிப்பேர் ஹர்லியோடு சேர்ந்து நடுவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாதி, நான் மதிக்கும் பாதி, வேறொன்றைக் கவனித்தது. பந்தோடு வருபவன் முதல் தடுப்பாளரைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறான். தாண்டிய பின் கூடைக்கடியில் அவனை மறிக்கப் பழைய ஆள் இல்லை.

அந்தப் பழைய ஆள் டோனவன் கிளிங்கன். ஏழடி இரண்டங்குலம். 2024 மார்ச்சில் இலினாய்ஸ் அணிக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் கை நீட்டி மறித்த 19 எறிதல்களில் ஒன்றுகூட விழவில்லை. இடையில் ஒரு கட்டத்தில் யூகான் தொடர்ச்சியாக 30 புள்ளிகள் எடுத்தது, இலினாய்ஸ் எடுத்தது பூஜ்யம். அப்படிப்பட்ட ஒருவர் பின்னால் நின்றால் முன்னால் நிற்பவர்களுக்கு ஒரு பழக்கம் வரும். தாண்டிப் போனால் போகட்டும், அங்கே அவர் பார்த்துக்கொள்வார் என்ற தெம்பு. வீட்டில் மூத்தவர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்வரை இளையவர்கள் எவ்வளவு சோம்பேறிகள் என்பது தெரியாதல்லவா, அதுபோல. 2024 கோடையில், தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், கிளிங்கன் ஏழாவதாகப் போனார். ஸ்டெஃபான் காசில் நான்காவதாகப் போனார். டிரிஸ்டன் நியூட்டனும் கேம் ஸ்பென்சரும் இரண்டாம் சுற்றில் போனார்கள். பட்டம் வென்ற ஐந்து தொடக்க வீரர்களில் திரும்பி வந்தவர் அலெக்ஸ் கராபன் ஒருவரே.

போனவர்கள் இடத்துக்கு மிச்சிகனிலிருந்து டாரிஸ் ரீட், செயின்ட் மேரீஸ் கல்லூரியிலிருந்து எய்டன் மஹானி ஆகியோர் வந்தார்கள். பள்ளியிலிருந்து மெக்நீலி வந்தார். இந்தக் காலத்துக் கல்லூரி அணிகள் எல்லாமே இப்படித்தான். கல்லூரி மாறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை 2021-இல், முதல் முறை மாறுபவர்களுக்கு, எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையிலிருந்து மாணவர்கள் தம் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் ஈட்டலாம் என்றும் ஆயிற்று. இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் பாதி அணி புதியது. சென்ற ஆண்டின் நினைவை வைத்து இந்த ஆண்டை மதிப்பிடும் ரசிகர்கள், வீட்டுக்கு வெள்ளை அடித்து ஆளும் மாறிய பிறகு பழைய பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டுபவர்கள்போல் ஆகிவிடுகிறார்கள்.

மஹானி விஷயம் நவம்பரைப் படிப்பதில் இன்னொரு பாடம். முந்தைய கல்லூரியில் நிறையப் புள்ளிகள் எடுத்தவர். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்ட் வேலையில் நியூட்டன் விட்டுச்சென்ற வெற்றிடத்தை ஓரளவு நிரப்புவார் என்று பலர் நம்பினார்கள். ஆனால் எதிரணி நெருக்கும்போது பந்தை யார் கையில் கொடுப்பது என்ற கேள்விக்கு மாவியில் தெளிவான பதில் இல்லை. சுமை பெரும்பாலும் ஹசான் டியாரா மேல் விழுந்தது. உழைப்பாளி, தடுப்பில் நாய்போல் விடாமல் கடிப்பவர், ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு மாற்று வீரராக வந்து இருபது நிமிடம் ஆடிப் பேர் வாங்கியவர். மாற்று வீரராகச் சிறந்தவர் முப்பது நிமிடத்துக்கும் அப்படியே சிறந்திருப்பார் என்று எண்ணுவது, ரசிகர்களும் பயிற்சியாளர்களும் சேர்ந்தே செய்யும் பிழை. மஹானி அந்த ஆண்டு முழுதும் தடுமாறினார், பிறகு வேறு கல்லூரிக்கு மாறினார்.

ஆக, மாவியில் காணக் கிடைத்தவற்றில் சில தற்செயல், சில நிலையானவை. தற்செயலானவை டிசம்பரிலேயே உதிர்ந்தன. அந்த மாதத்தின் முதல் இரண்டு வாரத்துக்குள் பேய்லரை 76-72 என்றும், டெக்சஸை அதன் ஊரிலேயே 76-65 என்றும், நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் கொன்சாகாவை 77-71 என்றும் யூகான் வென்றது. 'பொறுங்கள்' கட்சி கொடி ஏற்றியது. நிலையானவை மட்டும் அப்படியே இருந்தன. அந்தப் பருவம் முழுக்க எதிரணிகளை ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்புவதில் யூகான் தாராளமாகவே இருந்தது. தாக்குதலில் நாட்டின் முன்வரிசை; தடுப்பில் வெகுதூரம் பின்னால். நவம்பர் கடைசியிலேயே ஒரு கவனமான கண் அதைச் சொல்லியிருந்தது.

இதனால் 'முதல் கோணல்' கட்சிக்கே வெற்றி என்று அறிவித்துவிட முடியாது. இதே யூகானின் வரலாறே அதை மறுக்கும். 2010-இல் இதே மாவி, இதே அரங்கம். யாருமே தரவரிசையில் சேர்க்காத அணி அது. அதன் வீரர் கெம்பா வாக்கர் மூன்று நாளில் 90 புள்ளிகள் எடுத்து விச்சிட்டா ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட், கென்டக்கி மூன்றையும் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார். பிறகு லீக் ஆட்டங்களில் ஒன்பது வெற்றி, ஒன்பது தோல்வி, ஒன்பதாம் இடம். நவம்பர் பொய் என்று எல்லோரும் முடிவு கட்டியபோது, மார்ச்சில் ஐந்து நாளில் ஐந்து ஆட்டங்களை வென்று லீக் கோப்பை. அப்படியே தேசியப் பட்டமும். நவம்பர் பொய் சொல்லவில்லை. நெருக்கடியில் பந்தைக் கொடுக்க ஓர் ஆள் இருக்கிறார் என்று அது சொன்னது. அந்த ஒன்று மட்டும் உண்மை, மற்றவை எல்லாம் ஏறி இறங்கின.

2022-23 இன்னும் தலைசுற்ற வைத்த பருவம். தொடக்கப் பட்டியலில் இடமே இல்லை. முதல் 14 ஆட்டங்களும் வெற்றி, அலபாமாவை 82-67 என்று வீழ்த்தியதும் அதில் அடக்கம். இரண்டாம் இடம் வரை ஏற்றம். பிறகு எட்டு ஆட்டங்களில் ஆறு தோல்வி. ஜனவரியில் ரசிகர்கள் தலையில் துண்டு போட்டுக்கொண்டார்கள். ஆனால் எதிரியின் வலிமையையும் ஆட்டத்தின் வேகத்தையும் கழித்துப் பார்க்கும் பொமராயின் பட்டியலில் அந்த அணி அப்போதும் வெகுவாகக் கீழே போகவில்லை. மார்ச்சில் ஆறு ஆட்டங்களையும் இரட்டை இலக்க வித்தியாசத்தில் வென்று பட்டம்.

பொமராய் முன்பு அரசு வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவர் என்பது எனக்குப் பிடித்த தகவல். அவருடைய முறையில் பருவத் தொடக்க மதிப்பீடு நவம்பரிலேயே தூக்கி எறியப்படுவதில்லை. ஆட்டங்கள் சேரச் சேர, அதன் எடை சிறிது சிறிதாகத்தான் கரைகிறது. வானிலைக்காரர்கள் அப்படித்தான் யோசிப்பார்கள். நேற்று மழை பெய்தது என்பதற்காக, இந்த ஊரில் இந்த மாதம் வழக்கமாக எப்படி இருக்கும் என்பதை மறந்துவிட மாட்டார்கள். ரசிகனுக்கு அந்த ஒழுக்கம் வராது. வரவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன். பிறகு யார் விசிலுக்குக் குதிப்பது?

தொடக்க மதிப்பீடே சறுக்கும் ஆண்டுகளும் உண்டுதான். 2022-23 தொடங்கும்போது முதலிடத்தில் வைக்கப்பட்ட வட கரோலினா, மார்ச்சில் 68 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்கே தேர்வாகவில்லை.

நவம்பர் ஆட்டங்களைப் பற்றி ரசிகர்கள் அடிக்கடி மறக்கும் ஒன்று பாக்கி இருக்கிறது. அவை எதையாவது சொல்கின்றனவோ இல்லையோ, கணக்கில் ஏறுகின்றன. மார்ச் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் தாளில் நவம்பர் தோல்வியும் பிப்ரவரி தோல்வியும் ஒரே எடைதான். 'அப்போது நாங்கள் இன்னும் பழகவில்லை' என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது. மாவியில் யூகானை ஒரு புள்ளியில் வென்ற கொலராடோ, பிறகு தன் லீக்கில் மூன்று வென்று பதினேழு தோற்றது. நவம்பரில் மானம் போகாத தோல்வியாகத் தெரிந்தது, மார்ச்சில் தாளில் அசிங்கமாக உட்கார்ந்திருந்தது. பிப்ரவரியில் செடன் ஹாலிடம் வாங்கிய அடியும் சேர்ந்துகொண்டது. முடிவில் யூகானுக்குக் கிடைத்த போட்டித் தரநிலை எட்டு.

எட்டாம் தரநிலை என்றால், முதல் ஆட்டத்தை வென்றாலும் அடுத்து அந்தப் பிரிவின் முதல்நிலை அணியோடு மோத வேண்டும் என்று பொருள். யூகான் ஓக்லஹோமாவை 67-59 என்று வென்றது. 2025 மார்ச் 23, ராலே நகரம், எதிரே புளோரிடா. யூகான் கையில் இருந்த ஆட்டத்தைக் கடைசி மூன்று நிமிடங்களில் புளோரிடாவின் வால்ட்டர் கிளேட்டன் தொலைவிலிருந்து எறிந்த பந்துகள் பிடுங்கிக்கொண்டன. 77-75. இரண்டு புள்ளி, மாவியில் மெம்பிஸிடம் தோற்ற அதே இரண்டு. பதினைந்து நாள் கழித்து புளோரிடா ஹூஸ்டனை 65-63 என்று வென்று பட்டத்தை எடுத்துச் சென்றது. அந்தக் கிளேட்டனை யூகான் இரண்டாம் சுற்றிலேயே சந்திக்க நேர்ந்ததற்கான கணக்கு, லஹைனாவின் தாழ்ந்த கூரைக்குக் கீழே, ஹர்லி மல்லாந்து கிடந்த அந்த வாரத்திலேயே தொடங்கியிருந்தது.